வெட்கம் யார் முன்னால்? கல்லூரி மாணவர்களின் பிறழ்நடத்தையும் பாலின வேறுபாடும்: முக்கியக் குறிப்புகள்

பாடாலூரில் எங்கள் மாலை வகுப்பில் பதினான்கு பேர். செட்டிகுளம், நாரணமங்கலம், ஆலத்தூர் கேட் பக்கமிருந்து வருகிறவர்களே அதிகம். சின்ன வெங்காயம் பிடுங்கிப் பட்டறை போடும் நாட்களில் பாதி இருக்கை காலியாகிவிடும். நெட், செட், டிஆர்பி, டிஎன்பிஎஸ்சி என்று ஆளுக்கொரு தேர்வுக்குப் படிக்கிறார்கள். இந்தத் தலைப்பு சமூகவியலிலும் வரும், உளவியலிலும் வரும், சட்டப் பகுதியிலும் வரும். கையேடுகளில் மூன்று துண்டாகக் கிடப்பதை இங்கே ஒன்றாகத் தைத்திருக்கிறேன். படிக்கும்போது ஒரு கேள்வியைக் கையில் பிடித்துக்கொள்ளுங்கள்: வெட்கப்படுகிறவர் யார் முன்னால் வெட்கப்படுகிறார்? அதை விட்டுவிட்டால் கீழே இருக்கும் பெயரும் ஆண்டும் வெறும் மனப்பாடம்தான்.

சொல்லைப் பிரித்துப் படிக்கவும்

• வெட்கம் வேறு, குற்றவுணர்வு வேறு. ‘நான் கெட்டவன்’ என்று தன்னையே நொந்துகொள்வது வெட்கம். ‘நான் செய்தது கெட்ட காரியம்’ என்று செயலை நொந்துகொள்வது குற்றவுணர்வு. இந்தப் பிரிவினையைத் தெளிவாக வைத்தவர் உளப்பகுப்பாய்வாளர் ஹெலன் பிளாக் லூயிஸ் (1971).

• அதை அளக்கக் கருவி செய்தவர் ஜூன் டாங்னி. கருவியின் பெயர் டோஸ்கா. அவரும் ரோண்டா டியரிங்கும் சேர்ந்து எழுதிய நூல் 2002-ல் வந்தது. குற்றவுணர்வு மிகுந்தவர் மன்னிப்புக் கேட்பார், கெடுத்ததைச் சரிசெய்யப் பார்ப்பார். வெட்கம் மிகுந்தவரோ ஒளிந்துகொள்வார், இல்லையென்றால் எதிரில் இருப்பவர் மீது சீறுவார். ஆகவே ‘வெட்கம் கூடினால் தவறு குறையும்’ என்று வினாத்தாளில் நேராக ஒரு வாக்கியம் வந்தால், டிக் அடிக்கும் முன் ஒரு நிமிடம் நில்லுங்கள்.

• எரிக்சனின் எட்டு நிலைகளில் வெட்கம் இரண்டாவது நிலை (தன்னாட்சி எதிர் வெட்கமும் ஐயமும்), குற்றவுணர்வு மூன்றாவது நிலை (முன்முயற்சி எதிர் குற்றவுணர்வு). இரண்டையும் மாற்றிப் போட்டுக் கேட்பது வழக்கம்.

• ‘வெட்கப் பண்பாடு’, ‘குற்றவுணர்வுப் பண்பாடு’ என்ற பாகுபாட்டைப் பரவலாக்கியவர் மானிடவியலாளர் ரூத் பெனடிக்ட், ஜப்பானைப் பற்றிய 1946-ஆம் ஆண்டு நூலில்.

• திருக்குறள்: நாணுடைமை 102-ஆம் அதிகாரம், பொருட்பால், குடியியல், குறள் 1011 முதல் 1020 வரை. நமக்கு வேண்டியது முதல் குறள். தகாத செயலுக்காக நாணுவது ஒன்று, பெண்களுக்கென்று சொல்லப்படும் நாணம் வேறொன்று என்று வள்ளுவர் வாசற்படியிலேயே கோடு கிழித்துவிடுகிறார். லூயிஸ் செய்தது போன்ற ஒரு பிரிவினை இங்கே அதற்கும் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே இருந்திருக்கிறது. நம் வீடுகளில்தான் இரண்டையும் ஒரே முடிச்சாகப் போட்டுப் பெண்பிள்ளை கையில் கொடுத்துவிட்டார்கள். சத்தமாகச் சிரித்தாலும் ‘வெட்கமாயில்ல?’, காப்பி அடித்து மாட்டினாலும் ‘வெட்கமாயில்ல?’. இரண்டுக்கும் ஒரே சொல், ஒரே குரல். பையனுக்கு முதல் கேள்வி வருவதே இல்லை.

ஒரு தேர்வறை

• இது எந்தக் கையேட்டிலும் இராது. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கல்லூரியில் கௌரவ விரிவுரையாளராக இருந்தபோது பருவத் தேர்வுக்கு அறைக் கண்காணிப்பாளராகப் போட்டார்கள். பதினொரு மணி வாக்கில் பறக்கும் படை நுழைந்தது. ஒரு பையன், ஒரு பெண், இரண்டு பேரும் சிக்கினார்கள். பையனின் பிட்டு முழுக்கைச் சட்டையின் மடிப்பில் இருந்தது. பெண்ணின் பிட்டு கால்குலேட்டர் மூடிக்குள், நான்காக மடித்து, எறும்பு ஊர்ந்த மாதிரி எழுத்தில். ஒரே தாள், ஒரே பாடம், ஒரே குற்றம். பையன் எழுதிக்கொடுத்துவிட்டு வெளியே போய், டீக்கடையில் ‘மாட்டிக்கிட்டேன் மாப்ள’ என்று சிரித்தது சன்னல் வழியே எனக்கே கேட்டது. அந்தப் பெண் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்: “சார், வீட்டுக்கு லெட்டர் போவுமா?” மீதி இரண்டு தேர்வுக்கு அவள் வரவில்லை. பையன் வந்தான்.

• இதை எந்தக் கோட்பாட்டில் வைப்பது? ஹரால்டு கிராஸ்மிக், ராபர்ட் பர்சிக் (1990). தவறு செய்ய நினைப்பவர் மனத்தில் மூன்று விலைகள் ஓடும் என்றார்கள். சட்டம் தரும் தண்டனை ஒன்று. தன் மனசாட்சியே தரும் வெட்கம் இன்னொன்று. தனக்கு வேண்டியவர்கள் முன்னால் வரும் தலைகுனிவு மூன்றாவது. அவர்கள் எடுத்துக்கொண்ட குற்றங்களும் மூன்று: வரி ஏய்ப்பு, சில்லறைத் திருட்டு, குடித்துவிட்டு வண்டி ஓட்டுவது. அந்தப் பெண்ணைப் பறக்கும் படை பயமுறுத்தவில்லை, மூன்றாவது விலைதான் பயமுறுத்தியது. பையனுக்கு அந்த மூன்றாவது விலை வரவாக மாறிவிட்டது. டீக்கடையில் அவனுக்குக் கிடைத்தது கெத்து.

• மாணவர்களை வைத்து இதே தடத்தில் போனவர் ஸ்டீபன் டிபெட்ஸ். வெட்கம், காப்பி அடித்தல், பாலின வேறுபாடு பற்றிய அவருடைய கட்டுரைகள் 1997-ல் வந்தன.

• பெர்னார்டு விட்லியும் உடன் ஆய்வாளர்களும் (1999) முந்தைய ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். காப்பி அடிப்பதைப் பற்றிய மனப்பான்மையில் ஆண்களுக்கும் பெண்களுக்கும் இடைவெளி தெரிகிறது. உண்மையில் காப்பி அடிப்பதில் அந்த இடைவெளி சுருங்கிப்போகிறது. பெண்கள் அதிகமாகக் கண்டிக்கிறார்கள், செய்வது என்னவோ ஏறக்குறைய அதே அளவு. இந்தப் புள்ளி இரண்டு மதிப்பெண் வினாவுக்கு மிகப் பொருத்தம்.

வேறுபாடு எவ்வளவு?

• நிகோல் எல்ஸ்-குவெஸ்ட் குழுவின் 2012 தொகுப்பாய்வு. பெண்களிடம் வெட்கம் கூடுதல் (விளைவளவு 0.29), குற்றவுணர்வும் கூடுதல் (0.27). புள்ளியியல் வழக்கில் 0.2 ‘சிறியது’, 0.5 ‘நடுத்தரம்’, 0.8 ‘பெரியது’. ஆகவே இது ‘சிறிய வேறுபாடு’. ‘பெரும் வேறுபாடு’ என்று எழுதினால் தவறு. சங்கடம் என்ற உணர்வில் வேறுபாடு இல்லையென்றே சொல்லலாம் (0.08).

• கவனம்: எல்ஸ்-குவெஸ்ட் பேசும் சங்கடமும் கிராஸ்மிக் பேசும் தலைகுனிவும் ஆங்கில மூலத்தில் ஒரே சொல். முன்னது ஒரு கணத்தில் முகம் சிவப்பது, பின்னது மதிப்பு இழப்போம் என்ற அச்சம். தமிழில் நமக்கு இந்தக் குழப்பம் வேண்டியதில்லை. கூச்சம், சங்கடம், வெட்கம், நாணம், தலைகுனிவு, அவமானம் எல்லாமே தனித்தனியாக இருக்கின்றன.

• சிறைக் கணக்கு வேறு மாதிரிப் பேசும். இந்தியச் சிறைகளில் இருப்பவர்களில் பெண்கள் 4 சதவீதத்தை ஒட்டியே (2022). வெட்கத்தில் சிறிய வேறுபாடு, குற்றத்தில் இவ்வளவு பெரிய வேறுபாடு என்றால் வெட்கம் மட்டுமே காரணமாக இருக்க முடியாது. அடுத்த பகுதி அங்கிருந்து தொடங்குகிறது.

வீடு

• டிராவிஸ் ஹிர்ஷி (1969): சமூகப் பிணைப்புக் கோட்பாடு. நான்கு இழைகள்: பற்று, ஈடுபாட்டு முதலீடு, நேரம் செலவழித்தல், நம்பிக்கை. ‘மனிதர் ஏன் தவறு செய்கிறார்’ என்று கேட்காமல் ‘ஏன் செய்யாமல் இருக்கிறார்’ என்று கேட்டவர்.

• ஜான் ஹேகன், கில்லிஸ், சிம்ப்சன் (1985, 1987): அதிகார–கட்டுப்பாட்டுக் கோட்பாடு. கனடாவில் உருவானது. அப்பாவுக்கு வெளியுலக அதிகாரம், அம்மாவுக்கு வீடு என்று பிரிந்திருக்கும் தந்தையாதிக்கக் குடும்பத்தில் கண்காணிக்கும் வேலை அம்மாவுக்கு, கண்காணிக்கப்படும் வேலை மகளுக்கு. மகன் துணிந்து பார்க்கும் ருசியோடு வளர்கிறான். மகளுக்கு அந்த ருசி பழக்கப்படுவதே இல்லை. இருவருக்கும் சமமான அதிகாரமுள்ள குடும்பங்களில் மகன்–மகள் வேறுபாடு குறையும் என்பது கோட்பாட்டின் எதிர்பார்ப்பு.

எங்கள் வகுப்பில் இதை விளக்க நான் கனடாவுக்குப் போவதில்லை. மாலை ஆறே முக்கால் ஆனதும் ஒரு பெண்ணின் கைப்பேசி மேசை மீது உறுமும். அம்மா. ஏழு மணிக்கு ஒருமுறை, பேருந்து ஏறியதும் ஒருமுறை, இறங்கியதும் ஒருமுறை. அவளுடைய தம்பி அதே நேரம் நெடுஞ்சாலையில் பைக்கில் எங்கே இருக்கிறான் என்று அந்த அம்மாவுக்கே தெரியாது. கேட்டால் “அவன் ஆம்பளப் புள்ள” என்பார். பெண்ணுக்கு வெட்கம் ஊட்டப்படுகிறது என்பதோடு, தவறு செய்ய அவளுக்கு நேரமும் இடமும் விடப்படவில்லை என்பதும் விடைத்தாளில் வர வேண்டும்.

• பிரீடா ஆட்லர் (1975): பெண்கள் வெளியே வரவர அவர்களின் குற்றமும் ஆண்களுடையதைப் போலாகும் என்ற விடுதலைக் கருதுகோள். தமிழ்நாட்டில் உயர்கல்வி மொத்தச் சேர்க்கை விகிதம் 47 (2021–22, அகில இந்தியா 28.4), பெண்கள் ஆண்களுக்குச் சற்று முன்னால். புதுமைப் பெண் திட்டம் 5 செப்டம்பர் 2022, தமிழ்ப் புதல்வன் 9 ஆகஸ்ட் 2024, இரண்டிலும் மாதம் 1,000 ரூபாய். கல்லூரி வாசல் சமமாகத் திறந்திருக்கும் மாநிலம் ஆட்லருக்கு நல்ல சோதனைக்களம். ஆட்லரின் ஊகம் அப்படியே பலிக்கவில்லை என்பதே குற்றவியலாளர் பலரின் கணிப்பு.

ஆணின் வெட்கம்

கையேடுகள் இந்தப் பகுதியை விட்டுவிடுகின்றன. ஆணுக்கு வெட்கம் குறைவு என்று எழுதிவிட்டு அடுத்த பக்கம் போய்விடுகிறார்கள். குறைவு இல்லை, வேறு இடத்தில் இருக்கிறது.

• சங்க இலக்கியச் சான்று: வெண்ணிப் போரில் கரிகாலனிடம் முதுகில் புண்பட்ட சேரமான் பெருஞ்சேரலாதன், புறப்புண்ணுக்கு நாணி வடக்கிருந்து உயிர்விட்டான். புறநானூறு 65 (கழாத்தலையார்), 66 (வெண்ணிக் குயத்தியார்). வென்ற கரிகாலனிடமே, தோற்று நாணியவன் உன்னைவிட நல்லவன் அல்லவா என்று கேட்டவர் ஒரு பெண்பாற் புலவர். ஆக, ஆணின் நாண் இங்கே ‘கோழை’ என்ற சொல்லில் இருக்கிறது.

• மடலேறுதல்: பனை மடலில் குதிரை செய்து, எருக்கம் பூச் சூடி, ஊர் நடுவே வந்து நின்று ‘இவளைத் தாருங்கள்’ என்று கேட்பது. தலைவன் வேண்டுமென்றே நாணைக் கழற்றி எறிந்து ஊரை நெருக்குகிறான். குறளில் 114-ஆம் அதிகாரம் நாணுத்துறவுரைத்தல் (1131–1140). பெண்ணுக்கு மடலேற்றம் இல்லை என்பது தொல்காப்பிய மரபு. கடல்போலக் காமம் பெருகினாலும் மடலேறாத பெண்ணின் பெருமையைக் குறள் 1137 சொல்கிறது. மரபை மீறியவர் திருமங்கையாழ்வார்: சிறிய திருமடல், பெரிய திருமடல் இரண்டிலும் பெண் குரல்தான் மடலேறப் போவதாக மிரட்டுகிறது. ஆணுக்கு ஊரறியப் பிறழ உரிமம், பெண்ணுக்கு அது இல்லை என்ற ஏற்பாட்டுக்கு இதைவிடப் பழைய, இதைவிடச் சுருக்கமான எடுத்துக்காட்டு எனக்குத் தெரிந்து இல்லை.

• சென்னையின் பஸ் டே: ‘ரூட் தல’ தலைமையில் பேருந்தின் கூரையில் ஏறி ஊர்வலம். உயர் நீதிமன்றம் தடை விதித்த பிறகும் 2019 ஜூனில் கூரையிலிருந்து மாணவர்கள் கொத்தாக விழுந்தார்கள். ஏறியவர்களில் எத்தனை பேர் ஆசைப்பட்டு ஏறினார்கள், எத்தனை பேர் ஏறாமல் நின்றால் மானம் போகும் என்று ஏறினார்கள் என்று யோசித்துப் பாருங்கள். பெண்ணைத் தடுக்கும் அதே உணர்வு ஆணைத் தள்ளிவிடுகிறது.

• ஜேம்ஸ் கில்லிகன் (1996): சிறை மனநல மருத்துவர். வன்முறையின் வேர் அவமானம் என்றவர். கரோல் கில்லிகன் (1982): கோல்பெர்கின் ஒழுக்க வளர்ச்சிக் கோட்பாடு ஆண்களை மட்டும் அளவுகோலாகக் கொண்டது என்று விமர்சித்து, அக்கறை அறத்தை முன்வைத்தவர். இருவரும் கணவன் மனைவி. தேர்வில் ‘கில்லிகன்’ என்று மட்டும் கொடுத்தால் ஆண்டைப் பார்த்துப் பிரித்துக்கொள்ளுங்கள்.

ராகிங்: சட்டத்துக்குள் வந்த வெட்கம்

• 1996 நவம்பர். சிதம்பரம் அண்ணாமலை நகரில் ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரியின் முதலாண்டு மாணவர் பொன். நாவரசு, ராகிங்கைத் தொடர்ந்து மூத்த மாணவர் ஒருவரால் கொல்லப்பட்டார். 1998-ல் அமர்வு நீதிமன்றம் ஆயுள் தண்டனை. 2001-ல் உயர் நீதிமன்றம் விடுதலை. 2011-ல் உச்ச நீதிமன்றம் தண்டனையை மீண்டும் உறுதிசெய்தது.

• விளைவு: தமிழ்நாடு ராகிங் தடைச் சட்டம், 1997 (சட்டம் 7/1997). தண்டனை 2 ஆண்டு வரை சிறை, 10,000 ரூபாய் வரை அபராதம். தண்டிக்கப்பட்ட மாணவர் கல்லூரியிலிருந்து நீக்கப்படுவார், வேறு கல்லூரியிலும் சேர முடியாது. புகாரைக் கிடப்பில் போடும் கல்லூரித் தலைமையும் உடந்தையாகக் கருதப்படும்.

• இந்தச் சட்டத்தின் வரையறையைக் கூர்ந்து படியுங்கள். உடலுக்கோ மனத்துக்கோ ஊறு செய்வது மட்டும் ராகிங் அல்ல. ஒரு மாணவருக்கு அச்சம், வெட்கம், சங்கடம் உண்டாக்கும் செயலும் ராகிங்தான். வெட்கத்தைத் தூண்டுவதையே குற்றமாக எழுதிய சட்டம் இது, அதிலும் பாலினம் பார்க்காமல். சட்டையைக் கழற்றச் சொல்லப்படும் பையனுக்கும் வெட்கம் உண்டு என்பதை இந்த வரையறை ஒப்புக்கொள்கிறது.

• பல்கலைக்கழக மானியக் குழுவின் ராகிங் தடை விதிமுறைகள் 2009. பின்னணி: ஆர்.கே. ராகவன் குழு, 2009 மார்ச்சில் இமாச்சலில் மருத்துவ மாணவர் அமன் கச்ரூவின் சாவு. உதவி எண் 1800-180-5522.

• இலங்கை: பேராதனைப் பல்கலைக்கழகப் பொறியியல் மாணவர் வரப்பிரகாஷ் 1997-ல் ராகிங்கால் இறந்தார்; 1998-ஆம் ஆண்டின் 20-ஆம் எண் சட்டம் அதன் பிறகு வந்தது. அங்கே புழங்கும் சொல் ‘பகடிவதை’.

• பெண்கள் விடுதியில் ராகிங் கிடையாது என்ற கூற்று தவறு. பேச்சால் குத்துவது, கூட்டாக ஒதுக்குவது, வதந்தி பரப்புவது ஆகியவை ‘உறவுவழி வன்மம்’. நிக்கி கிரிக், ஜெனிபர் குரோட்பீட்டர் (1995). இது பெண்களுக்கே உரியது என்று பழைய கையேடுகளில் இருக்கும். 2008-ல் நோயல் கார்டு குழுவின் தொகுப்பாய்வு அந்த வேறுபாடு பொருட்படுத்தத் தக்கதல்ல என்று காட்டிவிட்டது. திருத்திக்கொள்ளவும்.

விரைவுக் குறிப்புகள்

• 1998: சென்னை எத்திராஜ் கல்லூரி மாணவி சரிகா ஷாவின் சாவுக்குப் பின் ஈவ் டீசிங் தடைச் சட்டம். பிற்பாடு பெயரில் ‘ஈவ் டீசிங்’ நீங்கி, பெண்ணுக்குத் தொல்லை தருவதைத் தடுக்கும் சட்டம் என்றானது. நல்லது, ‘கேலி’ என்று பெயர் வைத்தாலே பாதிக் குற்றம் கரைந்துவிடுகிறது.

• விசாகா தீர்ப்பு 1997. பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடைச் சட்டம் 2013. கல்லூரிகளுக்கான மானியக் குழு விதிமுறைகள் 2015.

• பாரதிய நியாய சன்ஹிதா (1 ஜூலை 2024 முதல்): பிரிவு 74 பெண்ணின் மானத்துக்குப் பங்கம், 75 பாலியல் துன்புறுத்தல், 77 மறைந்திருந்து பார்த்தல், 78 பின்தொடர்தல். 77-ல் குற்றவாளி ‘எவரும்’ ஆகலாம். 78-ல் ‘ஆண்’ மட்டும். பழைய தண்டனைச் சட்டத்தில் இரண்டிலுமே ஆண்தான்.

• 2024 பொதுத்தேர்வு முறைகேடு தடுப்புச் சட்டம்: 3 முதல் 5 ஆண்டு சிறை, 10 லட்சம் ரூபாய் வரை அபராதம். குறி வைப்பது மோசடிக் கும்பலையும் உடந்தையானவர்களையும். சாதாரணத் தேர்வரை அல்ல.

• டிஎன்பிஎஸ்சி குரூப் 4 முறைகேடு (2019 தேர்வு, 2020-ல் வெளிப்பட்டது): ராமேஸ்வரம், கீழக்கரை மையங்கள், மறையும் மை, 99 தேர்வர்களுக்கு வாழ்நாள் தடை.

• ஹோவர்டு பெக்கர் 1963 முத்திரையிடல். எட்வின் லெமர்ட் 1951 முதனிலை, இரண்டாம் நிலைப் பிறழ்வு. சைக்ஸ், மாட்சா 1957 ஐந்து சமாதான உத்திகள். ‘எல்லாரும்தான் பிட்டு அடிக்கிறான்’ என்பது அந்த ஐந்தில் எதிலாவது சேருமா என்று நீங்களே யோசித்துப் பாருங்கள்.

ஜான் பிரெய்த்வெயிட் (1989)

• ஆஸ்திரேலியர். ‘குற்றம், வெட்கம், மீளிணைப்பு’ என்ற பொருளில் அமைந்த நூல். எந்தக் குற்றவியல் கோட்பாடும் விளக்கியாக வேண்டிய 13 உண்மைகளைப் பட்டியலிட்டார். முதலாவது: குற்றம் செய்பவர்களில் ஆண்களே மிகுதி. இரண்டாவது: 15 முதல் 25 வயதினரே மிகுதி. கல்லூரி வாசலில் நிற்பவர் யார் என்று இந்த இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் தெரியும்.

• வெட்கமூட்டுவதில் இரண்டு வகை. செயலைக் கண்டித்து ஆளைத் திரும்பச் சேர்த்துக்கொள்வது மீளிணைக்கும் வெட்கமூட்டல், குற்றம் குறையும். ஆளையே முத்திரை குத்தி வெளியே நிறுத்துவது களங்கப்படுத்தல்; குற்றம் கூடும்.

• அறிவிப்புப் பலகையில் சிவப்பு மையில் பெயர் எழுதி ஒட்டுவது, பிரார்த்தனைக் கூட்டத்தில் மேடையேற்றி நிறுத்துவது எல்லாம் இரண்டாவது வகை. அதிலும் ஒரே பலகை இரண்டு பேருக்கு இரண்டு வேலை செய்யும். பையனின் பெயர் அதில் வந்தால் கூட்டாளிகள் படம் பிடித்து ஸ்டேட்டஸ் வைப்பார்கள். பெண்ணின் பெயர் வந்தால் மாப்பிள்ளை வீட்டார்வரை போகும். அவனைக் களங்கம் தொடவில்லை, அவளைத் திரும்பச் சேர்த்துக்கொள்ள யாரும் இல்லை. பிரெய்த்வெயிட் சொன்ன முதல் வகை இருவருக்குமே கிடைக்கவில்லை. நான் சொன்ன கால்குலேட்டர் மூடிப் பெண்ணைத் தேடி அந்த வாரம் கல்லூரியிலிருந்து ஒருவரும் போகவில்லை. நானும் போகவில்லை.

பயிற்சி வினா

• கூற்று: ஆண்களைவிடப் பெண்களிடம் வெட்கவுணர்வு சற்றுக் கூடுதல் என்று ஆய்வுகள் காட்டுகின்றன. காரணம்: நாணம் பெண்களின் பிறவிக் குணம்.

விடை: கூற்று சரி, காரணம் தவறு. போன வாரம் வகுப்பில் இதைக் கொடுத்தபோது பதினான்கில் ஐந்து பேர் இரண்டுமே சரி என்று போட்டிருந்தார்கள். அதில் மூன்று பேர் பெண்கள். தாளைத் திருப்பிக் கொடுக்கும்போது அந்த மூன்றில் ஒருத்தி, ஆறே முக்கால் கைப்பேசிக்காரி, “அப்ப இது எங்கம்மா வச்சதா சார்?” என்றாள்.